செங்கற்சூளையும் பழம்பொருளும்

பழம்பொருட் காட்சி என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது எது? உயர்ந்த படிக்கட்டுகளும் பளிங்குத் தூண்களும் உடைய ஒரு மாளிகையே. அங்குக் கண்ணாடிப் பேழைக்குள் முடியும் வாளும் பொற்காசும் ஒளிவிடும். காண்போர் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு மெல்ல நடந்து செல்வர். அத்தகைய அரும்பொருள்களை ஊர் ஊராகக் கொண்டு செல்லும் கண்காட்சி ஒன்று, புகைபடிந்த பழைய செங்கல் ஆலையில் வந்து தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். "இது தகுமா? மாளிகையில் இருக்க வேண்டியது சூளையிலா?" என்று கேட்போர் பலர் உளர். தகும் என்பது என் கருத்து. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பொருளுக்கு, மண்ணை வெட்டி மண்ணைச் சுட்டு வாழ்ந்தவர்களின் கூடம் அயலார் வீடு ஆகாது. உறவினர் வீடே ஆகும். இக்கருத்தை விளக்க, ஜெர்மனி நாட்டின் ஒரு மூலைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

ஜெர்மனியின் வடமேற்கில் லிப்பே என்றொரு சிறு நிலப்பகுதி உண்டு. 1918 ஆம் ஆண்டு வரையில் அது தனியொரு சிற்றரசாக இருந்தது. டெட்மோல்ட் நகரம் அதன் தலைநகர். டெட்மோல்டுக்கு அண்மையில் லாகே என்னும் சிறிய ஊர் இருக்கிறது. அவ்வூரின் ஒரு பகுதியாகிய சில்பாக்கில், 1979 ஆம் ஆண்டு வரையில் செங்கல் செய்துவந்த ஆலை ஒன்று இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. நெடிதுயர்ந்த புகைபோக்கி, களிமண் வெட்டிய பள்ளம், பச்சைக்கல்லை உலர்த்திய கொட்டகை, மண்ணைப் பிசைந்து பிழிந்த பொறி ஆகியவற்றை அங்கே காணலாம். காணவருவோர் தம் கையாலேயே களிமண்ணை அச்சிலிட்டுக் கல் அறுத்துப் பார்க்கவும் இடமுண்டு.

செங்கல் எங்கும் உள்ள பொருளாயிற்றே, அதற்கு ஏன் லிப்பேயில் அருங்காட்சியகம் என்று மாணவர்கள் கேட்கலாம். லிப்பே நாட்டின் சிறப்பு அதன் கல்லில் இல்லை. கல் அறுத்த மனிதரிடத்தில் இருக்கிறது. அங்கு நிலம் குறைவு, மக்கள் மிகுதி. உழுது உண்ணும் அளவு நிலம் இல்லாத குடும்பங்கள் பல. பண்டு அவர்கள் குளிர்காலத்தில் வீட்டிலிருந்தே நார்த்துணி நெய்து பிழைத்தனர். பொறித் தறி வந்தது, கைத்தறி வீழ்ந்தது. அதன்பின் வீட்டு ஆடவர்க்கு எஞ்சிய வழி ஒன்றே. இளவேனில் பிறந்ததும் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அயல்நாட்டுச் சூளைகளை நோக்கிப் புறப்பட்டனர். இப்பழக்கம் பதினேழாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. முதலில் அவர்கள் சென்றது ஹாலந்தின் பிரீஸ்லாந்துப் பகுதிக்கு. பின்னர் வட ஜெர்மனி முழுவதிலும், டென்மார்க்கிலும், நிலக்கரிச் சுரங்கங்களால் பெருகி வளர்ந்த ரூர் பகுதியிலும் லிப்பே நாட்டார் கல் அறுத்தனர். 1900 ஆம் ஆண்டளவில், அச்சிறு நாட்டிலிருந்து ஆண்டுதோறும் இவ்வாறு புறப்பட்டவர் தொகை ஏறத்தாழ 14,000.

அவர்கள் வாழ்வு எளியதன்று. உறைபனி பச்சைக்கல்லைப் பிளந்துவிடும். ஆதலால் குளிர்காலத்தில் வேலை நடவாது. வேனில் தொடங்கி இலையுதிர் காலம் முடிவதற்குள் ஓராண்டின் கூலியை ஈட்டிவிட வேண்டும். பொழுது புலருமுன் தொடங்கிய வேலை, பொழுது சாய்ந்த பின்னும் தொடரும். ஒருவன் மண்ணைக் குழைப்பான்; ஒருவன் அச்சில் அறைவான்; பள்ளி வாழ்வை முடித்து அப்போதுதான் வீட்டை விட்டு வந்த சிறுவன் ஈரக்கல்லைச் சுமந்து உலர்களத்திற்கு ஓடுவான். உணவுச் செலவைக் குழுவினர் எல்லாரும் பங்கிட்டுக்கொண்டனர். பட்டாணியும் உப்பிட்ட பன்றிக் கொழுப்புமே பெரும்பாலும் அவர்கள் உணவு. நாள்தோறும் ஒரே உணவை உண்ட அவர்கள் அதனைக் குறித்துப் பாட்டும் கேலியும் புனைந்திருந்தால் அதில் வியப்பென்ன? இவ்வளவும் சேமிப்பதற்காக. ஊரில் அவர்தம் மனைவியர் நிலத்தைக் கொத்தினர், ஆட்டையும் பன்றியையும் பேணினர், பிள்ளைகளை வளர்த்தனர், கடனுக்கு விடை கூறினர். சூளைக்குச் சென்றவர்களைக் குறித்துப் பேசும் நூல்கள் பல, வீட்டைத் தாங்கியவர்களைக் குறித்து இரண்டு வரியோடு நின்றுவிடுகின்றன. இஃது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே தோன்றும்.

இவர்கள் அறுத்த கல் எங்கே போயிற்று? ரூர் பகுதியின் சுரங்கக் கட்டடங்களில், நகர வீடுகளில், இருப்புப்பாதைப் பாலங்களில், பள்ளிக்கூடங்களில் அக்கல் இருக்கிறது. கட்டுவித்தவர் பெயர் வாயிலில் பொறிக்கப்பட்டிருக்கும். வரைந்தவர் பெயர் ஏட்டில் இருக்கும். அறுத்தவன் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. மிகச் சில கற்களில் மட்டும், ஈரமாக இருந்தபோது எடுத்த விரல்களின் தடம் காணப்படும். அதுவே அவன் இட்ட கையொப்பம்.

இனிச் சூளையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பழைய முறைச் சூளையில் ஒவ்வொரு முறையும் நெருப்பு மூட்டி, கல் வெந்தபின் நாட்கணக்கில் ஆறவிட்டு, பிரித்தெடுத்து, மீண்டும் அடுக்குவர். ஆறும்போது வெப்பமெல்லாம் வெளியே போய் வீணாகும். 1858 ஆம் ஆண்டில் பிரெடரிக் ஹோப்மன் என்னும் ஜெர்மானியர் ஒரு புதிய சூளைக்கு உரிமம் பெற்றார். அது வளையம் போன்ற ஒரு சுரங்கக் கூடம். அதனுள் பல அறைகள். ஓர் அறையில் நெருப்பு எரியும். அதற்கு முன்னுள்ள அறைகளில் பச்சைக்கல் அடுக்கப்பட்டிருக்கும். பின்னுள்ள அறைகளில் வெந்த கல் ஆறிக்கொண்டிருக்கும். வெளிக்காற்று ஆறும் கல்லினூடே புகுந்து, அதன் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு நெருப்பைச் சேரும். நெருப்பிலிருந்து எழும் புகை, முன்னுள்ள பச்சைக்கல்லைச் சூடாக்கி உலர்த்திவிட்டுப் புகைபோக்கியை அடையும். மேற்கூரைத் துளைகளின் வழியே நிலக்கரியைத் தூவித் தூவி, நெருப்பை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடத்திச் செல்வர். அந்நெருப்பு அணைவதில்லை, வளையத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருக்கும். எரிபொருட் செலவு பெரிதும் குறைந்தது. உலகெங்கும் இம்முறை பரவியது. ஆயினும், ஓர் அறையில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதே வளையத்தின் வேறோர் அறைக்குள் புகுந்து, சூடு தணியாத கல்லை வெளியே சுமந்தவன் மனிதன்தான். அறிவியலின் சிக்கனம் அவன் முதுகைத் தொடவில்லை.

நமக்கு இக்கதை முற்றிலும் தொடர்பற்றது என்று எண்ண வேண்டா. நம் ஊர் வீடுகளின் கூரையில் இன்றும் காணும் மங்களூர் ஓடு, 1865 ஆம் ஆண்டில் பாசல் சமயத் தொண்டர்கள் மங்களூரில் நிறுவிய ஆலையில் பிறந்தது. அதனை நடத்தத் தொடங்கியவர் பிளெப்ஸ்ட் என்னும் ஜெர்மானியரே.

ஆலைகள் மூடப்பட்ட பின்பு அவற்றின் நிலை என்ன? பெரும்பாலும் இடிப்பே. புகைபோக்கியைத் தகர்த்தால் நிலம் விலைபோகும். பொறியை உடைத்தால் இரும்பு விலைபோகும். ஜெர்மனியிலும் அவ்வாறே நடந்துவந்தது. டார்ட்மண்ட் நகரில் சோலெர்ன் என்னும் நிலக்கரிச் சுரங்கத்தின் அழகிய பொறிமண்டபத்தையும் இடிக்க இருந்தனர். கலைஞரும் அறிஞரும் சிலர் எதிர்த்துக் குரல் எழுப்பினர்; 1969 ஆம் ஆண்டில் அது காப்பாற்றப்பட்டது. அரண்மனையும் கோயிலும் மட்டுமே நினைவுச் சின்னங்கள் என்று எண்ணியிருந்த அந்நாட்டில், தொழிற்கூடமும் நினைவுச் சின்னமே என்னும் எண்ணம் அதன்பின் வேரூன்றத் தொடங்கிற்று. 1979 இல், வெஸ்ட்பாலியா, லிப்பே பகுதிகளின் ஆட்சி மன்றம் தொழில் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவியது. அஃது ஒரே கட்டடமன்று; எட்டு இடங்களில் பரந்து கிடப்பது. லாகேயின் செங்கல் ஆலை அவ்வெட்டினுள் ஒன்று.

இப்போது நம் வினாவிற்கு வருவோம். அந்நாட்டில் தொல்பொருட் கண்காட்சிகள் ஓரிடத்திலேயே நின்றுவிடுவதில்லை. சான்றாக, புதிய கற்கால வாழ்வை விளக்கும் பெருங்கண்காட்சி ஒன்று 2015 ஆம் ஆண்டில் பான் நகரில் தொடங்கி, டெட்மோல்டிலும் ஹெர்னேயிலும் அடுத்தடுத்து வைக்கப்பெற்றது. தொழிற்கூடங்களும் இவற்றிற்கு இடந்தருகின்றன. 1986 இல் உலை அணைந்த பெல்க்ளிங்கன் இரும்பாலையில், 2004 இல் இன்கா மக்களின் பொன்னணிகளும் 2014 இல் எகிப்தியப் பழம்பொருள்களும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

இதனை மறுப்போர் கூறும் காரணங்களை நாம் புறந்தள்ளுதல் கூடாது. ஒன்று, பாதுகாப்பு. சூளைக் கூடம் ஈரங்காக்கும். குளிரும் வெப்பமும் மாறிமாறி வரும். துணியும் தோலும் மரமும் இரும்பும் அங்கே விரைவில் கெடும். இது மெய். மூடிய பேழையும் ஈரத்தை அளக்கும் கருவியும் இல்லாமல் அவற்றை அங்கே கொண்டு செல்வது பிழை. ஆனால் சுட்ட மண்ணுக்கு அவ்வளவு அச்சமில்லை. அது நெருப்பைத் தாங்கி, நிலத்தடி ஈரத்தையும் தாங்கி நம்மிடம் வந்து சேர்ந்த பொருள்.

மற்றொரு மறுப்பு இதனினும் ஆழமானது. விருந்தினர் வந்தால் வீட்டுக்காரரை மறந்துவிடுவர் என்பது அது. இன்காவின் பொன்னைக் காண வந்தவருள் எத்தனைபேர் உலையின் முன் நின்று அங்கு உழைத்தவனை எண்ணியிருப்பர்? செங்கல் ஆலையைக் காண வாரார், பொன்னையும் மம்மியையும் காண வருவர். ஆகவே அவற்றைக் கொண்டுவந்து கூட்டம் சேர்ப்போம் என்று ஓர் அருங்காட்சியகம் எண்ணுமானால், அது தன் வீட்டைத் தானே வாடகைக்கு விட்டதாகும். இம்மறுப்பை நான் முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். எந்தக் கண்காட்சியும் எந்த ஆலைக்கும் பொருந்தும் என்பது என் கருத்தன்று. செங்கல் ஆலைக்கு வரும் கண்காட்சி, செங்கல் ஆலையோடு உரையாட வேண்டும்.

அவ்வாறு உரையாடுவதற்குப் பொருள் இல்லையா? ஏராளமாக உண்டு. முதலாவது, பழம்பொருளைக் கண்டெடுத்தவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். 1856 ஆம் ஆண்டில் நியாண்டர் பள்ளத்தாக்கின் குகையொன்றில், உலகின் அறிவையே திருப்பிய எலும்புகளை முதலில் வெளியே எடுத்தவர்கள் சுண்ணாம்புக்கல் வெட்டிய கூலியாட்களே. அவற்றின் அருமையை உணர்ந்து எடுத்துரைத்தவர் புல்ரோட் என்னும் பள்ளி ஆசிரியர். அவர் பெயர் நூல்களில் உள்ளது. மண்வெட்டி பிடித்தவர் பெயரை யாரும் கேட்டு எழுதவில்லை. அதே மாநிலத்தில் ரைண்டாலன் என்னுமிடத்தில், செங்கல்லுக்காக வண்டல்மண் வெட்டிய பள்ளத்தில் பழைய கற்கால மனிதரின் கற்கருவிகள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. நல்ல செங்கல் மண் எங்கே உண்டோ அங்கே நல்ல விளைநிலமும் உண்டு. விளைநிலம் உள்ள இடத்தில் பண்டைமக்கள் குடியேறினர். ஆதலின், செங்கல் வெட்டும் பள்ளமே பழங்காலத்தின் வாயிலாகப் பலமுறை அமைந்தது. தொல்லியலாளர் தூரிகையோடு வருமுன், ஆலைத் தொழிலாளி மண்வெட்டியோடு அங்கே இருந்தான். அறியாமையால் அவன் உடைத்துவிட்டவையும் உண்டு. நின்று குனிந்து எடுத்துக் கொடுத்தவையும் உண்டு.

இரண்டாவது, கண்டெடுத்தவை யாவை? பேழையில் பொன்னே முன்நிற்கிறது; அகழ்ந்த குழியில் மிகுதியாகக் கிடைப்பதோ மண்ணே. பானையோடு, கூரையோடு, சுவர்மண். மத்திய ஐரோப்பாவின் முதல் உழவர், ஏறத்தாழ 7,500 ஆண்டுகளுக்கு முன் அங்கு வீடு கட்டியவர்கள், கழிகளைப் பின்னி அதன்மேல் களிமண்ணை அப்பிச் சுவர் எழுப்பினர். அத்தகைய வீடு தீப்பற்றி எரிந்தால், கழி சாம்பலாகும். களிமண்ணோ வெந்து கல்லாகும். அப்படி வெந்த கட்டிகள் அகழ்வாய்வில் கிடைக்கின்றன. அவற்றின் ஒருபுறம் பின்னிய கழியின் தடம் இருக்கும். மறுபுறம் சில வேளைகளில் மண்ணை அப்பிய விரல்களின் தடமும் இருக்கும். வீட்டை அழித்த தீயே அதனைக் கட்டியவரின் கையைக் காத்துத் தந்திருக்கிறது. பொன்முடிக்கு அருகில் இக்கட்டியை வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார். செங்கல் ஆலையில், அப்போதுதான் தம் கையால் களிமண்ணை அச்சிலிட்ட ஒரு சிறுவனின் முன் இதனை வைத்துப் பாருங்கள். விளக்கப் பலகையே வேண்டியதில்லை.

இனி உரோமானியரைக் குறித்து ஒரு சுவையான செய்தி. ஜெர்மன் மொழியில் செங்கல்லையும் ஓட்டையும் குறிக்கும் ‘சீகெல்’ என்னும் சொல், ‘தேகுலா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. சொல்லோடு தொழிலையும் கொண்டுவந்தவர் உரோமானியரே. ரைன் ஆற்றங்கரைப் பாசறைகளில் அவர்தம் படைவீரர் செங்கல்லும் ஓடும் சுட்டனர்; தம் படைப்பிரிவின் முத்திரையையும் அவற்றில் பதித்தனர். ஆனால் கி. பி. 9 ஆம் ஆண்டில், ஆற்றுக்குக் கிழக்கே வாருஸ் என்னும் தளபதியின் கீழ்ச் சென்ற மூன்று படைகள் ஜெர்மானியரால் அழிக்கப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அப்பகுதியில் உரோமப் பேரரசு ரைன் கரையோடு நின்றுவிட்டது, செங்கல்லும் நின்றுவிட்டது. வட ஜெர்மனியில் சுட்ட செங்கல் பெருவழக்காக வந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டிற்குப் பின்னரே. வாருஸின் படைகளை வென்ற ஆர்மினியஸுக்கு லிப்பே நாட்டின் குன்றொன்றின் மேல் 1875 இல் மாபெரும் சிலை எழுப்பினர். அச்சிலையின் அடியிலுள்ள சிற்றூர்களிலிருந்துதான் ஆண்டுதோறும் ஆயிரமாயிரவர், உரோமானியர் விட்டுச்சென்ற பெயரையுடைய தொழிலைச் செய்யப் புறப்பட்டனர். அவர்களுக்கு எந்தக் குன்றின்மேலும் அவ்வளவு பெரிய சிலை இல்லை. வாளெடுத்தவனுக்குச் சிலையும் மண்ணெடுத்தவனுக்கு மறதியும் என்னும் இந்த வழக்கத்தை ஓர் அருங்காட்சியகமேனும் மாற்றட்டும் என்று விரும்புவது பிழையா?

உரோமானிய ஓடுகளில் மாணவர்கள் பெரிதும் விரும்பக்கூடிய ஒன்றும் உண்டு. உலர்வதற்காக வெளியில் பரப்பிய ஈர ஓட்டின்மேல் நாய் ஓடியிருக்கிறது. அதன் அடிச்சுவடு அப்படியே வெந்து நிலைத்துவிட்டது. ஆட்டின் குளம்பும், சிறு குழந்தையின் பாதமும் பதிந்த ஓடுகளும் உண்டு. அக்குழந்தையை யார் அதட்டினார்களோ! இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் அந்த அதட்டல் காதில் விழுவது போலவே இருக்கிறது. இத்தகைய ஓட்டைப் படைத்தலைவனின் வாளுக்குக் கீழே, ஒரு மூலையில், எண் ஒட்டி வைப்பது வழக்கம். செங்கல் ஆலையில் அதுவே நடுவிடத்தைப் பெறும், பெறவேண்டும்.

ஊர் ஊராகச் செல்லும் கண்காட்சியின் மற்றொரு பயனையும் கூறவேண்டும். தலைநகர்ப் பெரிய அருங்காட்சியகத்திற்குச் செல்லக் காசும் ஓய்வும் வேண்டும். அவ்விரண்டினும் பெரிதாக, "அது நமக்குரிய இடம்" என்ற துணிவும் வேண்டும். சூளையில் வேலை செய்தவரின் பேரன் பளிங்குப் படிக்கட்டில் ஏறத் தயங்கலாம். தன் பாட்டன் சுமை சுமந்த கொட்டகைக்குள் நுழைய அவன் தயங்கமாட்டான். பழம்பொருள் அவனைத் தேடி வருகிறது. அவனும் அதனை அயலவனாக நின்று காண்பதில்லை. ஓட்டைக் கையிலெடுக்க விட்டால், "இது சரியாக வேகவில்லை", "இந்த மண்ணில் மணல் மிகுதி" என்று கூறக்கூடியவர் அக்கூட்டத்தில் இருப்பர். அறிஞர் எழுதிய குறிப்பில் இல்லாத ஒரு செய்தியை அவர் கூறவும் கூடும். அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள அருங்காட்சியகத்தார் ஒருவர் அங்கே குறிப்பேட்டோடு இருத்தல் வேண்டும்.

ஆலை அருங்காட்சியகங்களைக் குறித்து எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அவை மிகவும் தூய்மையாக இருக்கின்றன. புகை இல்லை, வெக்கை இல்லை, மேஸ்திரியின் ஏச்சும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உலாவ ஏற்ற அழகிய இடமாகச் சூளை மாறிவிடுகிறது. அழகின் நடுவே, அங்குத் தோள்காய்த்தவனின் நாள் எவ்வளவு நீண்டது என்பது மறைந்துவிடுகிறது. ஆகவே, கண்காட்சியை அமைப்போர்க்கு ஒன்று கூறுவேன். தொல்பொருள் வைத்த கூடத்திற்கு நேரான குறுக்குவழி வைக்க வேண்டா. வருவோர் முதலில் மண் வெட்டிய பள்ளத்தைக் காணட்டும். பச்சைக்கல் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, அதைப்போல் ஒரு நாளில் எத்தனை தூக்கினர் என்பதைப் படிக்கட்டும். சூளையின் குனிந்த வாயிலுக்குள் தாமும் குனிந்து புகுந்து வெளியே வரட்டும். அதன்பின், கையில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டு, நாயின் அடிச்சுவடு பதிந்த அந்த ஓட்டின் முன் வந்து நிற்கட்டும்.